இளம் கண்டக்டர்களுக்கான சர்வதேசப் போட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்வியல் இசைக்குழுக்களை நடத்தும் இளம் கண்டக்டர்களுக்கென்று பல நாடுகளில் போட்டிகள் நடக்கின்றன. பியானோ, வயலின் போட்டிகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கலந்துகொள்ள நினைப்பவர்களும், சும்மா பார்க்க ஆசைப்படுபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

வாசிப்பவர்கள் இசைக்குழுக்காரர்கள். கையசைப்பவருக்கு எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள்?

நியாயமான சந்தேகம்தான். அதே மண்டபம், அதே இசைக்குழு, அதே படைப்பு. மேடையேறுகிற ஆள் மட்டும் மாறுகிறார். இப்படி வரிசையாக மூன்று பேரைக் கேட்டாலே வித்தியாசம் காதில் விழுந்துவிடும். ஒருவர் வந்தால் வயலின்கள் ஒரே குரலாக ஒலிக்கும். அடுத்தவர் வந்ததும் அதே வயலின்கள் தயங்கும், முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை வாசிக்கத் தொடங்கும். நடுவர்கள் கவனிப்பது இதைத்தான்.

கை சொல்வது தெளிவாக இருக்கிறதா, தவறு நடந்தால் காது பிடிக்கிறதா, பிடித்ததை நாலு வார்த்தையில் சரிசெய்யத் தெரிகிறதா, படைப்பைப் பற்றிச் சொந்தமாக ஓர் எண்ணம் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். அப்புறம், தொழில்முறைக் கலைஞர்கள் எண்பது பேர் இவர் சொன்னால் கேட்கிறார்களா என்பது ஒன்று இருக்கிறது. பல முடிவுகள் அந்த இடத்தில்தான் தீர்மானமாகின்றன என்பது என் அபிப்பிராயம்.

முக்கியமான போட்டிகள் எவை?

பழம்பெருமை என்று பார்த்தால் பிரான்சின் கிழக்குப் பகுதியில் இருக்கும் பெசான்சோன் நகரத்துப் போட்டியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஊர் இசை விழாவின் அங்கமாக 1951-இல் தொடங்கியது. இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரில் நடக்கிறது. 1959-இல் செய்ஜி ஒசாவா, 2005-இல் லியோனெல் பிரான்கியே, 2009-இல் கசுக்கி யமாடா, 2019-இல் நொடோக்கா ஒகிசாவா என்று ஜெயித்தவர்கள் பட்டியல் நீளம். ஜப்பானியப் பெயர்கள் இவ்வளவு இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. ஒசாவா திறந்த வழியில் அவருக்குப் பின் ஒரு வரிசையே வந்தது.

கோபன்ஹேகனில் நடக்கும் மால்கோ போட்டி 1965-இல் தொடங்கியது. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் சிம்பொனியை 1926-இல் லெனின்கிராடில் அரங்கேற்றிய கண்டக்டர் நிக்கோலாய் மால்கோவின் பெயரில் நடக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. போட்டியாளர்களுக்கு வாசிப்பது டென்மார்க் வானொலியின் சிம்பொனி இசைக்குழு. ஜோஷுவா வெய்லர்ஸ்டைன், ரஃபயேல் பயாரே, ரையன் பான்கிராஃப்ட் ஆகியோர் இங்கிருந்து வந்தவர்கள்.

ஜெர்மனியின் பாம்பெர்க் சிம்பொனி இசைக்குழு, இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் பெயரில் நடத்தும் போட்டி 2004-இல்தான் பிறந்தது. முதல் ஆண்டிலேயே குஸ்தாவோ டுடமெல் ஜெயித்ததால் ஒரே நாளில் பிரபலமாகிவிட்டது. லண்டனில் டொனாடெல்லா ஃப்ளிக் போட்டி, டோக்கியோவில் 1967 முதல் நடக்கும் போட்டி, பாரிஸில் பெண்களுக்காக 2020-இல் தொடங்கிய லா மயெஸ்ட்ரா ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

காலாவதியான போட்டிகளும், இடையில் நின்றுபோனவையும் உண்டு. நியூயார்க்கின் மித்ரோபுலோஸ் போட்டி 1963-இல் கிளாவ்தியோ அப்பாதோவை அடையாளம் காட்டியது. இத்தாலியின் கான்டெல்லி போட்டியில் 1967-இல் ரிக்கார்தோ முத்தி ஜெயித்தார். முதலாவது இன்று இல்லை. இரண்டாவது பல ஆண்டுகள் நின்றுபோய், 2020-இல் மீண்டும் தொடங்கியது.

வயது வரம்பு என்ன?

பெரும்பாலும் 35. ஆண்டுக்கு ஆண்டு சின்னச் சின்ன மாற்றம் வரும், எந்தத் தேதியில் எத்தனை வயது என்று விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். வயலின்காரர் 35 வயதில் போட்டிக்குப் போனால் விசித்திரமாகத் தெரியும். கண்டக்டர் விஷயம் வேறு. வயலினை வீட்டில் வைத்துப் பழகலாம், இசைக்குழுவை அப்படிப் பழக முடியாது. எண்பது பேர் முன்னால் நிற்கும் வாய்ப்பு கிடைப்பதற்கே பல வருடம் போய்விடும்.

விண்ணப்பிக்க என்ன தேவை?

படிப்பு, அனுபவ விவரம், பரிந்துரைக் கடிதங்கள், வீடியோ. இதில் வீடியோதான் முக்கியம். கேமரா இசைக்குழுவின் பக்கமிருந்து உங்கள் முகத்தையும் கைகளையும் பார்க்க வேண்டும். பார்வையாளர் பக்கமிருந்து எடுத்த அழகான கச்சேரிப் பதிவில் உங்கள் முதுகுதான் தெரியும், அது எதற்கும் உதவாது. சில போட்டிகள் ஒத்திகைப் பதிவையும் கேட்கின்றன. வெட்டி ஒட்டாத பதிவு வேண்டும் என்று சொன்னால் அதை அப்படியே நிறைவேற்றுங்கள்.

பெசான்சோன் இங்கே கொஞ்சம் வித்தியாசமானது. காகிதத்தை வைத்துக் கழிக்காமல், பல நகரங்களில் நேரடி முன்தேர்வு நடத்துவது அதன் வழக்கம். அங்கே இசைக்குழு இருக்காது, இரண்டு பியானோக்கள்தான். பியானோவை நடத்துவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். சுத்தியல் கம்பியில் பட்டதும் ஒலி வந்துவிடுகிறது; வில் கம்பியில் ஊன்றி ஒலி எழும்பும் அந்தச் சிறு தாமதம் இல்லை. கையில் இருக்கிற குழப்பம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

சுற்றுகள் எப்படி நடக்கும்?

நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து பத்திருபது பேர் ஊருக்கு அழைக்கப்படுவார்கள். முதல் சுற்றில் ஆளுக்குச் சுமார் இருபது நிமிடம். அதற்கடுத்த சுற்றுகளில் நேரம் கூடும், ஆள் குறையும். இறுதிச் சுற்றுக்கு மூன்று பேர் வருவது வழக்கம். ஒத்திகையும் உண்டு, டிக்கெட் வாங்கி வந்த மக்கள் முன்னால் கச்சேரியும் உண்டு.

படைப்புகளின் பட்டியல் மாதக்கணக்கில் முன்பே கிடைத்துவிடும். அதில் உங்களுக்கு எது என்பது பெரும்பாலும் குலுக்கலில் வரும். ஆகவே எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். ஐந்து மணி நேர இசையைப் படித்துவிட்டுப் போய், அதில் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் நடத்திவிட்டு விமானம் ஏறுகிறவர்கள்தான் அதிகம்.

அந்த இருபது நிமிடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எடுத்துக்கொள்வோம். உலகமே அறிந்த அந்த நான்கு சுரத் தொடக்கத்தில் முதலில் இருப்பது மௌனம். ஒரு குட்டி இடைவெளி, அதற்கப்புறம்தான் மூன்று குறுகிய சுரங்கள், பிறகு நீண்ட நான்காவது. வாசிப்பவர்கள் ஸ்ட்ரிங்ஸ் முழுவதும், கூடவே கிளாரினெட்டுகள். வேகம் அதிகம் என்பதால் ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளக் கட்டத்துக்கு, ஒரே அடி. அதாவது கண்டக்டரின் அடி விழும் இடத்தில் யாரும் வாசிக்கக் கூடாது. விழுந்து மயிரிழை கழித்து எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

இதை எப்படிக் காட்டுவது? கையைத் தூக்கி மூச்சை இழுக்கும் அந்த ஒரே அசைவில் வேகம், பலம், குணம் மூன்றும் இருந்தாக வேண்டும். மேல்நோக்கிய அசைவு மெதுவாகவும் கீழ்நோக்கியது வேகமாகவும் இருந்தால் பாதிப் பேர் ஒன்றை நம்புவார்கள், பாதிப் பேர் மற்றொன்றை. மூன்று சுரங்களும் சிதறும், அல்லது ட்ரிப்லெட் (ஓர் அடிக்குள் மூன்று சம சுரங்கள்) மாதிரி உருண்டுவிடும். பதற்றத்தில் இரண்டு வெற்று அடி கொடுத்துத் தொடங்குகிறவர்களும் உண்டு. தப்பில்லை, பாதுகாப்பான வழிதான். அந்த இரண்டு அடியில் அதிர்ச்சி கொஞ்சம் வடிந்துவிடும், அவ்வளவுதான்.

சரி, தொடங்கியாகிவிட்டது. நான்காவது சுரத்தின் மேல் ஃபெர்மாட்டா இருக்கிறது, அதாவது கண்டக்டர் விரும்பும்வரை நீட்டலாம். நீட்டியதை நிறுத்தும் அசைவே அடுத்த பாருக்கான தயாரிப்பாகவும் இருக்க வேண்டுமா, இடையில் ஒரு மூச்சு விட வேண்டுமா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். மேடையில் நின்று யோசித்தால் இசைக்குழு முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். இரண்டாவது ஃபெர்மாட்டா முதலாவதைவிட ஒரு பார் அதிகம் நீளுகிறது. பீத்தோவன் சும்மா அப்படி எழுதவில்லை. இரண்டையும் ஒரே நீளத்தில் பிடிக்கிறவரை நடுவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் ஆறேழு விநாடி. மீதி நேரத்துக்கு வேறு ஒரு திறமை வேண்டும்: எங்கே நிறுத்துவது. அடிக்கடி நிறுத்தினால் கலைஞர்கள் சலித்துப் போவார்கள். நிறுத்தாமலே ஓட்டினால் இவருக்கு எதுவும் கேட்கவில்லை என்று நினைப்பார்கள். நிறுத்தினால் இடத்தை முதலில் சொல்ல வேண்டும், எல்லோரும் பக்கத்தைப் பார்த்து எண்ணி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும், பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "லெட்டர் சி-க்கு நாலு பார் முன்னால், இரண்டாம் வயலின் மட்டும், வில்லின் நுனியில்." இவ்வளவு போதும். (லெட்டர் என்பது இடத்தைக் காட்டத் தாளில் போட்டிருக்கும் எழுத்து.) இந்தப் பகுதி இருண்ட காட்டில் நடப்பதுபோல என்று உரை நிகழ்த்தத் தொடங்கினால் பின்வரிசையில் கண்கள் கடிகாரத்துக்குப் போய்விடும்.

எந்த மாதிரிப் படைப்புகள் வரும்?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு பலவீனத்தைக் கிளறுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஹைடன், மொட்சார்ட் சிம்பொனிகளில் ஒளிந்துகொள்ள இடமில்லை. மெலிந்த இசை, எல்லாம் கேட்கும். ஸ்ட்ராவின்ஸ்கி வந்தால் பாருக்குப் பார் தாளம் மாறும், அங்கே கணக்குத் தப்பினால் கரையேறுவது கடினம். தெபுஸ்ஸியின் 'ஃபானின் பிற்பகலுக்கு முன்னிசை' தனி ஃப்ளூட்டில் தொடங்குகிறது. அங்கே கண்டக்டர் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைச் செய்ய முடியாமல் ஒவ்வொரு பாருக்கும் கையை ஆட்டி ஃப்ளூட்காரரின் கழுத்தை நெரிப்பவர்களைப் பார்க்கலாம்.

பெசான்சோனில் ஓபரா (இசை நாடகம்), ஒரடோரியோ (நடிப்பில்லாமல் பாடகர்களும் இசைக்குழுவும் சேர்ந்து தரும் நீண்ட படைப்பு) பகுதிகளும் வரும். பாடகர் எங்கே மூச்சு விடுவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் நீட்டினால் நீட்டி, பாய்ந்தால் பாய்ந்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இசைக்குழுவைச் சரியாக இறக்க வேண்டும். சிம்பொனியில் மின்னியவர்கள் இங்கே தடுமாறுவது சகஜம். இறுதிச் சுற்றில் போட்டிக்காகவே எழுதப்பட்ட புதிய படைப்பும் வரலாம். கேட்டுப் பழக ஒலிப்பதிவே இல்லாத இசை என்பதால், ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதியும் ஒன்றாக இருக்கும் தாளை, படித்து மனத்துக்குள் கேட்கத் தெரிந்தவர் யார் என்பது அப்போது வெளிச்சமாகிவிடும்.

வேண்டுமென்றே தப்பு வைப்பார்கள் என்கிறார்களே, உண்மையா?

அப்படி ஒரு பழைய பரீட்சை உண்டு. கலைஞர்களின் தாள்களில் சில சுரங்களை மாற்றி எழுதிவிடுவார்கள், அல்லது இரண்டு வாத்தியங்களின் பகுதியை இடம் மாற்றிவிடுவார்கள். போட்டியாளர் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஒசாவா காலத்துப் பெசான்சோனில் இது இருந்தது. இப்போது பல போட்டிகளில் தனியாக வைப்பதில்லை. தேவையும் இல்லை, உண்மையான ஒத்திகையில் உண்மையான தப்புகளே போதுமான அளவு வருகின்றன.

ஸ்கோரை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கட்டாயம் கிடையாது. ஸ்கோரை வைத்துக்கொண்டு நடத்தினால் மதிப்பெண் குறையாது. குனிந்து அதிலேயே மூழ்கினால் குறையும். மனப்பாடத்தைவிடப் பெரிய வேலை வாசிப்பதில் இருக்கிறது. இருபது முப்பது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். வயோலாவுக்குத் தனி க்ளெஃப், அதாவது எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் குறி. பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு எழுதிய 'சி', காதில் பி ஃப்ளாட்டாக விழும். எஃப் ஹார்னுக்கு எழுதிய 'சி', ஐந்தாம் இடைவெளி கீழே 'எஃப்' ஆக ஒலிக்கும். ஹார்ன்காரர் "என் தாளில் இருப்பது ஜி-யா, ஜி ஷார்ப்பா?" என்று கேட்டால், அவர் கண்ணால் பார்க்கும் சுரத்தைச் சொல்ல வேண்டும், ஒலிக்கும் சுரத்தைச் சொல்லக் கூடாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இதை யோசித்துக் கணக்குப் போட நேரமில்லை.

எந்த மொழியில் பேச வேண்டும்?

பெரும்பாலும் ஆங்கிலம் செல்லும். இசைக் கலைச்சொற்கள் இத்தாலிய மொழியில் பொதுவாகவே இருக்கின்றன. பிரான்சில் பிரெஞ்சு, ஜெர்மனியில் ஜெர்மன் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. எண்களை மட்டுமாவது அந்த ஊர் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். குறைவாகப் பேசத் தெரிந்தவர்கள் பல நேரம் அதிகம் சாதிக்கிறார்கள். மொழி வராததால் கையால் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு.

இசைக்குழு ஏன் அடிக்குப் பின்னால் வாசிக்கிறது? அது தவறா?

இல்லை. பெரிய இசைக்குழுக்கள், குறிப்பாக ஐரோப்பியக் குழுக்கள், கண்டக்டரின் அடிக்குச் சற்றுப் பின்னால்தான் ஒலிக்கும். புதியவர்கள் இதைக் கேட்டுப் பயந்து, தாங்களும் காத்திருக்கத் தொடங்குவார்கள். குழு இன்னும் பின்னால் போகும். இரண்டு நிமிடத்தில் வேகம் படுத்துவிடும். இதோடு தூரமும் சேர்கிறது. பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும் டிம்பனி முரசின் ஒலி கண்டக்டரை வந்தடைய ஏறத்தாழ 0.04 விநாடி ஆகும். காதை மட்டும் நம்பினால் பின்வரிசை எப்போதும் தாமதம் என்றே தோன்றும். தெரியாத இசைக்குழுவிடம் இந்த இடைவெளியை முதல் நிமிடத்திலேயே புரிந்துகொண்டு, அசையாமல் முன்னால் நிற்பவர்தான் தப்பிப்பார்.

நடுவர்கள் யார்? இசைக்குழுவுக்கு ஓட்டு உண்டா?

மூத்த கண்டக்டர்கள், இசையமைப்பாளர்கள், இசைக்குழுக் கலைஞர்கள், இசைக்குழு மேலாளர்கள் கலந்து இருப்பார்கள். பாம்பெர்க் போட்டியோடு மாலரின் பேத்தி மரீனா மாலரும் இணைந்திருக்கிறார். மேலாளர்கள் இருப்பது சாதாரண விஷயமில்லை. பரிசு கொடுத்த கையோடு வேலையும் கொடுக்கக் கூடியவர்கள் அவர்கள். பல இடங்களில் இசைக்குழுவின் பரிசு, பார்வையாளர் பரிசு என்று தனித்தனியாக உண்டு. முதல் பரிசு ஒருவருக்கும் இசைக்குழுவின் பரிசு வேறொருவருக்கும் போனால், இரண்டாமவரின் பெயரைக் குறித்து வையுங்கள்.

முதல் பரிசு யாருக்கும் இல்லை என்று சொல்வார்களா?

சொல்வார்கள். பாம்பெர்கில் 2007-இல் முதல் பரிசு வழங்கப்படவில்லை. இரண்டாம் பரிசு தென்கொரியாவின் சோங் ஷி-யோனுக்குப் போனது. அதனால் அவருடைய வாழ்க்கை நின்றுவிடவும் இல்லை.

ஜெயித்தால் என்ன கிடைக்கும்?

பணம் உண்டு. பாம்பெர்கில் 30,000 யூரோ, கோபன்ஹேகனில் 20,000 யூரோ என்ற அளவில் முதல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் துரத்துவது அதற்குப் பின்னால் வரும் கச்சேரி வாய்ப்புகளைத்தான். மால்கோ ஜெயித்தவருக்குப் பல நாட்டு இசைக்குழுக்களோடு ஒப்பந்தங்கள் கிடைக்கும். டொனாடெல்லா ஃப்ளிக் போட்டியின் வெற்றியாளர் லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் உதவி கண்டக்டர் ஆகலாம். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும், அவர்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் மேடையேறத் தயாராக இருப்பதும் அந்த வேலையில் அடக்கம்.

ஜெயித்தவர்கள் எல்லோரும் பெரிய ஆளாகிவிட்டார்களா?

ஒசாவாவின் கதையைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ரக்பி விளையாடி விரல்களில் அடிபட்டதால் பியானோவை விட்டுக் கண்டக்டிங் பக்கம் வந்தவர். 1959-இல் சரக்குக் கப்பலில் ஒரு ஸ்கூட்டரோடு ஐரோப்பாவுக்குப் போனார். பெசான்சோன் போட்டிக்கான கடைசித் தேதி முடிந்துபோயிருந்தது. பாரிஸில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் உதவியைப் பிடித்து எப்படியோ உள்ளே நுழைந்தார், ஜெயித்தார், அப்போது வயது 24. அங்கே நடுவராக இருந்த ஷார்ல் மூன்ஷ் அவரை அமெரிக்காவின் டேங்கிள்வுட் கோடை இசை மையத்துக்கு வரச் சொன்னார். அடுத்து பெர்லினில் கண்டக்டர் ஹெர்பர்ட் ஃபான் கரயானிடம் பயிற்சி, நியூயார்க்கில் கண்டக்டர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைனின் உதவியாளர் வேலை. 1973 முதல் 2002 வரை பாஸ்டன் சிம்பொனியின் இசை இயக்குநர்.

மும்பையில் பிறந்த ஜூபின் மேத்தாவும் போட்டி வழியாக வந்தவர்தான். 1958-இல் லிவர்பூல் போட்டியில் முதல் பரிசு. ஓராண்டு உதவி கண்டக்டர் பதவி. நான்கே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர். அதே லாஸ் ஏஞ்சலஸுக்கு 2009-இல் இசை இயக்குநராகப் போன டுடமெல், 2004-இல் பாம்பெர்கில் ஜெயித்தபோது நடுவர் குழுவில் உட்கார்ந்திருந்தவர் அன்றைய லாஸ் ஏஞ்சலஸ் இயக்குநர் எசா-பெக்கா சலோனென். போட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை: சரியான ஆள் சரியான நேரத்தில் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில், பரிசு வாங்கி இரண்டு மூன்று சீசன் சுற்றிவிட்டு அமைதியாகிப்போன பலர் இருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் திடீரென்று இருபது இசைக்குழுக்கள் அழைத்தால், நடத்துவதற்கு அத்தனை படைப்புகள் கைவசம் இருக்காது. ஒவ்வொரு வாரமும் புதிதாகப் படித்து, ஒவ்வொரு ஊரிலும் அரைகுறையாக நின்றால் இரண்டாவது அழைப்பு வராது. எதிர்ப்பக்கத்தில், ஃபின்லாந்தின் கிளாவுஸ் மாகெலா போட்டிப் பரிசு எதன் உதவியும் இல்லாமல், ஹெல்சிங்கியில் யோர்மா பனுலாவிடம் படித்து, இருபதுகளிலேயே ஆஸ்லோ, பாரிஸ் இசைக்குழுக்களுக்குத் தலைவரானார்.

பெண்கள் நிலை எப்படி?

1966-இல் மித்ரோபுலோஸ் போட்டியில் சுவிட்சர்லாந்தின் சில்வியா கடுஃப் பரிசு வாங்கி பெர்ன்ஸ்டைனுக்கு உதவியாளரானார். அது அன்றைக்குப் பெரும் விதிவிலக்கு. டொனாடெல்லா ஃப்ளிக் போட்டியை முதன்முதலாக ஒரு பெண் ஜெயித்தது 2014-இல்: ஹாங்காங்கைச் சேர்ந்த எலிம் சான். பாரிஸில் கண்டக்டர் கிளேர் ஷிபோவும் அந்நகர ஃபில்ஹார்மோனி இசையரங்கமும் சேர்ந்து 2020-இல் லா மயெஸ்ட்ராவைத் தொடங்கியபோது, பெண்களுக்குத் தனிப் போட்டி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. திறமை இருந்தும் முன்தேர்வையே தாண்டாதவர்களுக்கு மேடை வேண்டும் என்பது அவர்கள் வாதம். முதல் ஆண்டு ஜெயித்தவர் இந்தோனேசியாவின் ரெபெக்கா டோங்.

இதெல்லாம் வெறும் காட்சி என்று சிலர் சொல்வது சரியா?

பாதி சரி. இருபது நிமிடத்தில் மனத்தைக் கவர வேண்டும் என்றால் துள்ளலும் பெரிய அசைவும் உதவுகின்றன. ஓர் ஆண்டு முழுக்கப் பொறுமையாக ஒரு குழுவை வளர்க்கும் குணத்தை எந்தச் சுற்றிலும் அளக்க முடியாது. ஆனாலும், செல்வாக்கான ஆசிரியரோ ஏஜென்ட்டோ இல்லாத ஒருவர் நல்ல இசைக்குழு முன்னால் நிற்க இதைவிட நேரான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

பார்க்க முடியுமா? எந்தச் சுற்றைப் பார்க்கலாம்?

பெரிய போட்டிகள் பலவும் இணையத்தில் நேரலையாக வருகின்றன. நேரில் போனால் ஆரம்பச் சுற்றுகளுக்கு டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும். எல்லோரும் இறுதிக் கச்சேரிக்குப் போவார்கள். நான் ஒத்திகைச் சுற்றைத்தான் பரிந்துரைப்பேன். ஒரே படைப்பு தொடர்ந்து நான்கு பேருக்கு வரும் நாளாகப் பார்த்து உட்காருங்கள். கண்டக்டரைப் பார்க்காமல் முதல் ஓபோக்காரரைப் பாருங்கள். அவர் நிமிர்ந்து பார்க்கிறாரா, தாளிலேயே கண் வைத்து வாசிக்கிறாரா என்பது பல விஷயங்களைச் சொல்லிவிடும்.

ஒருமுறை தோற்றவர் திரும்பவும் வரலாமா?

வயது வரம்புக்குள் இருந்தால் வரலாம். முதல் பரிசு வாங்கியவர்கள் அதே போட்டிக்கு மறுபடி வருவதைப் பொதுவாக விதிகள் அனுமதிப்பதில்லை.